தடுப்பூசி கேம்ப்பில் பார்மசி மாணவர்கள்: க்யூ பார்க்கவா கூப்பிட்டோம்?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோ காபியோ கையில் வச்சுக்கிட்டுப் படிங்க.

நீங்க கோவிட் தடுப்பூசி போட்டுக்கிட்ட நாளை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஊசி போட்ட சிஸ்டர் ஞாபகத்துக்கு வருவாங்க. ராத்திரி வந்த காய்ச்சலும் கைவலியும் ஞாபகம் வரும். ஆனால் வாசல்ல ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தது யாரு? கோவின்ல உங்க பேரைத் தேடினது யாரு? "அம்மா, அரை மணி நேரம் உட்காருங்க, அதுக்குள்ள எழுந்து போயிடாதீங்க"ன்னு நாற்காலியைக் காட்டினது யாரு?

பல கேம்ப்புகளில் அது காலேஜ் பிள்ளைங்க. என்எஸ்எஸ், என்சிசி பசங்க, நர்சிங் மாணவிகள். அவங்களோட வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு இன்னொரு கூட்டமும் நின்னுச்சு. "டாக்டருக்குப் படிக்கிற பசங்க போல"ன்னு நினைச்சிருப்பீங்க. அவங்கள்ல நிறைய பேர் பார்மசி மாணவர்கள். டி.பார்ம், பி.பார்ம், பார்ம்.டி.

இந்த த்ரெட் அவங்களைப் பத்தி. பாராட்டு மட்டும் இல்லை, ஒரு புகாரும் இருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். டி.பார்ம் 2 வருஷம். பி.பார்ம் 4 வருஷம். பார்ம்.டி, 2008ல் இந்தியாவில் வந்த படிப்பு, 6 வருஷம். கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப். இத்தனை காலம் மருந்தைப் பத்தியே படிக்கிற பிள்ளைகளை ஒரு பெருந்தொற்று நேரத்தில் கூப்பிட்டு, பெரும்பாலான இடங்களில் டோக்கன் கொடுக்கவும் க்யூ பார்க்கவும் நிறுத்தி வைத்தது நம்ம சிஸ்டம். தானாக வந்தவங்க, அதனால் எந்த வேலையும் கொடுக்கலாம் என்கிற நினைப்பு. இது அவங்களுக்கு மட்டும் இழப்பு இல்லை. ஊசி போட்டுக்க வந்த உங்களுக்கும்தான்.

எப்படின்னு சொல்றேன்.

2021 ஜனவரி 16ல் இந்தியாவில் தடுப்பூசி தொடங்கினப்ப, மத்திய சுகாதாரத் துறை ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஒரு தடுப்பூசி மையத்துக்கு 5 பேர். ஊசி போடுறவர் ஒருத்தர். மீதி 4 பேர் வேக்சினேஷன் ஆபீசர்கள்: வாசலில் பேர் பார்க்க ஒருத்தர், அடையாள அட்டையையும் கோவினையும் சரிபார்க்க ஒருத்தர், கூட்டத்தையும் காத்திருப்பு அறையையும் பார்க்க 2 பேர். ஒரு அமர்வுக்கு 100 பேர். போட்ட பிறகு 30 நிமிஷம் கண்காணிப்பு.

தாளில் பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் 2021 செப்டம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாட்டில் முதல் மெகா கேம்ப் நடந்தப்ப, 40,000 இடங்கள், இலக்கு 20 லட்சம், போட்டது 28 லட்சத்துக்கும் மேல். ஒரே நாள்ல! அந்த நாள் ஆள் பத்தாமல் திணறாத மெடிக்கல் ஆபீசர் இருந்தா கையைத் தூக்குங்க. பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், பஸ் ஸ்டாண்ட்னு எல்லா இடத்துலயும் கேம்ப். மாணவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

சரி, இந்த 5 பேர் செய்யுற வேலையில் கஷ்டமானது எது? "ஊசி போடுறதுதான்"னு நீங்க நினைப்பீங்க. இல்லைங்க. தோள்பட்டை எலும்புக்கு ரெண்டு மூணு விரற்கடை கீழே, சதையில், நேரா 90 டிகிரியில் குத்தணும். ரொம்ப மேலே குத்தினா தோள் மூட்டில் பிரச்சினை வரலாம், அதனால் பயிற்சி கட்டாயம். ஆனால் பயிற்சி எடுத்த கைக்கு அது சில விநாடி வேலை.

கஷ்டமானது ஊசிக்கு முந்தின 2 நிமிஷமும், பிந்தின 30 நிமிஷமும்.

முந்தின 2 நிமிஷத்தை எடுத்துக்குங்க. 65 வயசு அம்மா வர்றாங்க. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?"ன்னு கேட்டா, "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, அப்புறம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை"ன்னு பதில் வரும். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை எதுவா வேணும்னாலும் இருக்கலாம். விவரமானவங்க மஞ்சப் பையில் அட்டைகளை அள்ளிக்கிட்டு வருவாங்க. பாதி அட்டையில் பேர் இருக்கிற பக்கத்தைக் கத்தரிச்சுட்டுத்தான் கடையில் கொடுத்திருப்பாங்க.

எங்க பகுதியில் நடந்த ஒரு கேம்ப்புல, பெரியவர் ஒருத்தர் தனக்கு எந்த வியாதியும் இல்லைன்னு சாதிச்சார். பக்கத்தில் டோக்கன் கொடுத்துக்கிட்டு இருந்த பார்ம்.டி மாணவி அவர் சட்டைப் பையில் தெரிஞ்ச அட்டையை வாங்கிப் பார்த்துட்டு, "சார், இவர் அசிட்ரோம் எடுக்கிறார்"னு என்னிடம் கொண்டு வந்தாங்க. அசிட்ரோம் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. இதய வால்வு மாத்தினவங்க நிறைய பேர் சாப்பிடுவாங்க. கேட்டதும், "ஆமாங்க, ஆபரேஷன் பண்ணியிருக்கு, அது குணமாயிடுச்சே, அது வியாதியா?"ன்னார் பெரியவர்!

இப்படிப்பட்டவங்களுக்குத் தடுப்பூசி போடக் கூடாதுன்னு இல்லை, போடலாம். ஆனால் கடைசியா எப்ப ரத்தப் பரிசோதனை செஞ்சாங்கன்னு கேட்கணும், மெல்லிய ஊசி வேணும், போட்ட இடத்தைத் தேய்க்காமல் அழுத்திப் பிடிக்கணும். தெரிஞ்சா சுலபம். தெரியாமல் விட்டா கை முழுக்க ரத்தக் கட்டு.

அந்தப் பொண்ணுக்கு அன்னைக்குக் கொடுத்திருந்த வேலை டோக்கன். அட்டையைப் பார்த்தது அவங்க படிப்பு.

இன்னொரு விஷயம், மருந்துக் குப்பி. கோவிஷீல்டு குப்பியில் 10 டோஸ், ஒரு டோஸ் அரை மில்லி. திறந்தா 4 மணி நேரத்துக்குள் முடிக்கணும், மிச்சத்தைக் கொட்டணும். 2 குப்பியின் மிச்சத்தைச் சேர்த்து ஒரு டோஸ் ஆக்கக் கூடாது. சாயங்காலம் 4 மணிக்கு 3 பேர் மட்டும் உட்கார்ந்திருக்காங்க, குப்பியைத் திறக்கலாமா? திறந்தா 7 டோஸ் போகும். திறக்கலைன்னா வேலையை விட்டுட்டு வந்த அந்த 3 பேர் நாளைக்கு வருவாங்களான்னு தெரியாது. இந்தக் கணக்கு ஒவ்வொரு கேம்ப்புலயும் தினமும் ஓடும்.

2021 ஏப்ரலில் வெளிவந்த ஒரு தகவலறியும் உரிமைச் சட்டப் பதில்படி, தடுப்பூசியை வீணாக்குறதில் நாட்டிலேயே தமிழ்நாடு முதலிடம். 12 சதவீதத்துக்கு மேல். அதே தமிழ்நாடு, மே முதல் ஜூலை நடுவரைக்கும் பார்த்தா 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸ்களைக் கூடுதலாகப் போட்டிருக்கு. கொடுத்ததைவிட அதிகமா எப்படிப் போட முடியும்? குப்பியில் கொஞ்சம் கூடுதலா மருந்து நிரப்பித்தான் அனுப்புவாங்க. சிந்தாமல், காற்றுக் குமிழி இல்லாமல், அளவு பிசகாமல் எடுத்தா 11வது டோஸ் கிடைக்கும். இதில் அதிகாரி போட்ட உத்தரவுக்கு ஒரு பங்கு உண்டு. பெரிய பங்கு, சிரிஞ்சைப் பிடிச்ச நர்ஸ்களோட கைக்கும், எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்கன்னு எண்ணிச் சொன்னவங்களுக்கும்தான்.

குளிர்ச்சியும் அப்படித்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். சூடு மட்டும்தான் எதிரின்னு பலர் நினைக்கிறாங்க. உறைஞ்சு போனாலும் மருந்து கெட்டுப் போகும். அதனாலதான் ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ்பேக்கை உடனே வேக்சின் கேரியர்ல அடுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் வெளியே வச்சு, ஆட்டிப் பார்த்தா உள்ளே தண்ணி சலசலக்கணும், அப்புறம்தான் அடுக்கணும். மருந்து எந்த வெப்பத்தில் ஏன் கெடும்னு ஒரு பார்மசி மாணவர்கிட்ட கேளுங்க, ஒரு பீரியடு பாடம் எடுப்பார். அவரை வெயிலில் நிறுத்தி, "வரிசையில வாங்க, வரிசையில வாங்க"ன்னு கத்த விடுறது என்ன கணக்கு?

இப்ப அந்த 30 நிமிஷம்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கிட்டார். 17ல் இறந்துபோனார். இதய ரத்தக் குழாயில் அடைப்புன்னு சிகிச்சை கொடுத்த மருத்துவர்கள் அன்னைக்கே சொன்னாங்க. தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லைன்னு தேசிய அளவிலான நிபுணர் குழு பல மாசம் கழிச்சு முடிவு சொன்னது. ஆனால் அந்தப் பல மாசம், கேம்ப் நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருத்தர் மனசுலயும் அவர் முகம்தான் இருந்தது. யாருக்கும் நெஞ்சு கொஞ்சம் படபடத்தா போதும், மொத்த அறையும் எழுந்து நிக்கும்.

ஊசி போட்டதும் சிலருக்கு மயக்கம் வரும். பெரும்பாலும் பயத்தால் வர்ற மயக்கம். முகம் வெளுக்கும், வேர்க்கும், நாடி மெதுவாகும். படுக்க வச்சு காலைத் தூக்கி வச்சா சில நிமிஷத்தில் சரியாகும். அபூர்வமா கடுமையான ஒவ்வாமை வரும். நாடி வேகமா ஓடும், உடம்பில் தடிப்பு, மூச்சுத் திணறல், உதடு வீங்கும். இதுக்கு உடனே தொடையில் அட்ரினலின் போடணும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்ச ஒரு ஆள் காத்திருப்பு அறையில் இருந்தா, டாக்டரைக் கூப்பிட வேண்டியதை ஒரு நிமிஷம் முன்னாடி கூப்பிடுவார். தேவையில்லாத பீதியையும் அடக்குவார்.

அதைவிட, அந்த அரை மணி நேரத்தில் ஜனங்க கேட்கிற கேள்விகள்! "பிரஷர் மாத்திரையை இன்னைக்கு நிறுத்தணுமா?" நிறுத்தக் கூடாது. "காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே பாராசிட்டமால் போட்டுக்கலாமா?" வந்த பிறகு போட்டா போதும். "பெனிசிலின் எனக்குச் சேராது, இது சேருமா?" சேரும், ஆனால் டாக்டரிடம் சொல்லிட்டுப் போடுங்க. "பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன்?" தாராளமா கொடுங்கம்மா. 100 பேருக்கு ஊசி போடுற சிஸ்டருக்கு இதுக்கெல்லாம் நின்னு பதில் சொல்ல நேரம் இருக்காது. ஒரே டாக்டர், அவரும் 2 கேம்ப் பார்க்கிறார்னா அவருக்கும் இருக்காது. பதில் கிடைக்காத கேள்வி வீட்டுக்குப் போகும். அங்கே வாட்ஸ்அப் பதில் சொல்லும்.

இந்த இடத்துக்கு பார்மசி மாணவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? அக்கா, அண்ணே, பாட்டின்னு கூப்பிட்டு அதே ஊர்ப் பேச்சில் பேசுற 22 வயசுப் பிள்ளை. மருந்தும் தெரியும்.

"சரி டாக்டர், அப்ப ஊசியும் அவங்களே போடலாமா?" இதுதான் ஒவ்வொரு தடவையும் சண்டையாகிற கேள்வி. என் பதில்: பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தா, போடலாம்.

அமெரிக்காவில் 2009க்குள் 50 மாகாணங்களிலும் மருந்தாளுநர்கள் தடுப்பூசி போட அனுமதி வந்துடுச்சு. அங்கே ஃப்ளூ ஊசியை மெடிக்கல் ஷாப்பில் போட்டுக்கிட்டுப் போறது சாதாரணம். கோவிட் தடுப்பூசி வெளிவரும் முன்னாடியே, 2020 செப்டம்பரில், அந்த நாட்டு சுகாதாரத் துறை பார்மசி இன்டர்ன் மாணவர்களும் போடலாம்னு உத்தரவு போட்டது. சும்மா இல்லை. குறைந்தது 20 மணி நேர அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி, ஊசி போடும் செய்முறை, ஒவ்வாமையைக் கண்டுபிடிச்சு சமாளிக்கத் தெரியணும், சிபிஆர் சான்றிதழ், மேலே ஒரு மருந்தாளுநர் மேற்பார்வை. மருந்து வரும் முன்னாடியே ஆளைத் தயார் பண்ணினாங்க. நான் பொறாமைப்படுறது அந்த வரிசையைப் பார்த்துத்தான்.

இங்கே? மத்திய வழிகாட்டுதலில் ஊசி போடத் தகுதியானவர்கள் பட்டியலில் டாக்டர், பல் டாக்டர், நர்ஸ் கூடவே மருந்தாளுநரும் இருந்தார். அதாவது பதிவு பெற்ற மருந்தாளுநர் போடலாம். ஆனால் படிப்பில் அதுக்கு முறையான பயிற்சி இருக்கணுமே? 2021 மே மாசம் இரண்டாம் அலை உச்சத்தில், எம்பிபிஎஸ் கடைசி வருஷ மாணவர்களையும் நர்சிங் முடித்தவர்களையும் கோவிட் பணிக்கு எடுக்கலாம், 100 நாள் வேலை செஞ்சா அரசு வேலையில் முன்னுரிமைன்னு பிரதமர் அலுவலகம் அறிவிச்சது. நல்ல அறிவிப்பு. பார்ம்.டி இன்டர்ன்களுக்கும் அப்படி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எதிர்ப்பு எங்க பக்கத்தில் இருந்துதான் அதிகம் வரும். தெரியும். "இன்னைக்கு தடுப்பூசி போட விட்டா நாளைக்கு மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்து எல்லாருக்கும் ஊசி போடுவான், போலி டாக்டர் இன்னும் பெருகுவான்." இந்தப் பயம் பொய்யில்லை. காய்ச்சல்னு போனா கடையிலேயே ரெண்டு ஊசி போட்டு அனுப்புற இடங்கள் நம்ம ஊர்ல இருக்கு, அங்கே போயிட்டு சீழ் கட்டி எங்ககிட்ட வர்றவங்களையும் பார்க்கிறோம். ஆனால் யோசிங்க: அந்த ஊசியைப் போடுறவர் பெரும்பாலும் பார்மசியே படிக்காதவர். படிச்ச பிள்ளையை, கேம்ப்பில் மட்டும், தடுப்பூசி மட்டும், டாக்டர் கண் முன்னாடி மட்டும்னு எல்லை போட்டு அனுமதிக்கிறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொரு வாதம், உத்தரப்பிரதேசம். 2021 ஏப்ரலில் ஷாம்லி மாவட்டத்தில் கோவிட் தடுப்பூசிக்குப் போன 3 வயசான பெண்களுக்கு நாய்க்கடித் தடுப்பூசி போட்டுட்டாங்க. சஸ்பெண்ட் ஆனது ஒரு மருந்தாளுநர். "பாத்தீங்களா?"ன்னு கேட்பாங்க. பார்த்தேன். அடுத்த மாசமே அதே மாநிலம் சித்தார்த்நகர் மாவட்டத்தில் முதல் டோஸ் கோவிஷீல்டு போட்ட சுமார் 20 பேருக்கு இரண்டாவதா கோவேக்சின் போட்டாங்க. நல்லவேளை, பின்னாடி ஐசிஎம்ஆர் ஆய்வு செஞ்சு அவங்களுக்குப் பாதிப்பு இல்லைன்னு சொன்னது. ரெண்டு இடத்துலயும் குறை ஒண்ணுதான்: ஊசி ஏறுறதுக்கு முன்னாடி குப்பியில் என்ன எழுதியிருக்கு, ஆள் யாரு, முதல்ல என்ன போட்டாங்கன்னு சரிபார்க்கிற இரண்டாவது ஜோடிக் கண் இல்லை. மருந்துச் சீட்டையும் மருந்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறதுதான் பார்மசி தொழிலோட அடிப்படையே. அந்த நாற்காலியில் அவங்களை உட்கார வையுங்கன்னுதான் நானும் கேட்கிறேன்.

நர்ஸ்களோட வேலைக்கு இது போட்டியான்னு சிஸ்டர்கள் சிலர் கேட்டாங்க. கேம்ப் நாளில் ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியாத சிஸ்டர்களைப் பார்த்தவன் நான். பக்கத்தில் இன்னொரு பயிற்சி பெற்ற கை இருந்தா முதலில் சந்தோஷப்படுறது அவங்களாத்தான் இருக்கும்.

இனி புகார்.

"தன்னார்வலர்" என்கிற வார்த்தை. நிறைய பிள்ளைங்க மனசார வந்தாங்க, அதில் சந்தேகமே இல்லை. வீட்டில் அம்மா திட்டினதையும் மீறி வந்தவங்க உண்டு. ஆனால் சில இடங்களில் காலேஜ் "இத்தனை பேர் வரணும்"னு லிஸ்ட் போட்டு அனுப்பினது. வரலைன்னா இன்டர்னல் மார்க்கில் கை வைப்பாங்கன்னு பயந்து வந்த ஒரு பையன் என்கிட்டயே சொல்லியிருக்கான். அதுக்குப் பேர் தன்னார்வம் இல்லை. சம்பளமில்லாத வேலை. பஸ் காசு கூட கையில் இருந்து போட்டவங்க இருக்காங்க. மதியச் சாப்பாடு வந்தா புண்ணியம்.

பாதுகாப்பு? 2020ல் மத்திய அரசு அறிவிச்ச 50 லட்ச ரூபாய் காப்பீட்டில், கோவிட் பணிக்கு அரசு எடுத்துக்கிட்ட தன்னார்வலர்களும் உண்டு. ஆனால் அது கோவிட் நோயாளிகளோட நேரடித் தொடர்பில் இருந்தவங்களுக்கானது. தடுப்பூசி கேம்ப் வாசலில், காலேஜ் வாய்மொழியா அனுப்பி நின்ன மாணவருக்கு ஏதாவது ஆகியிருந்தா? எந்தத் தாளில் அவர் பேர் இருக்கு? வீட்டுக்காரங்க எந்த ஆபீஸ் படியேறி எதைக் காட்டியிருப்பாங்க? 18 முதல் 44 வயசுக்காரங்களுக்குத் தடுப்பூசி 2021 மே 1ல்தான் திறந்தது. சுகாதாரப் பணியாளர் பட்டியலில் பேர் சேர்க்கப்படாத மாணவர், அதுக்கு முன்னாடி கேம்ப்பில் நின்னிருந்தா, மத்தவங்க போட்டுக்கிறதைப் பார்த்துக்கிட்டு தான் போடாமல் நின்னிருப்பார். இது நியாயமா நீங்களே சொல்லுங்க.

அப்ப என்ன செய்யணும்? ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பார்மசி பாடத்திட்டத்தில் தடுப்பூசிப் பயிற்சியும் சிபிஆரும் கட்டாயமா வரணும். பொம்மைக் கையில் குத்திப் பழகி, அப்புறம் வழக்கமான குழந்தைத் தடுப்பூசி நாட்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சிஸ்டர் பக்கத்தில் நின்னு பார்க்கட்டும். நம்ம ஊர்ல ஒவ்வொரு புதன்கிழமையும் தடுப்பூசி நாள்தான், பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டாம். மாவட்ட சுகாதார அலுவலகத்தில் பயிற்சி முடிச்ச மாணவர்கள் பட்டியல் ஒண்ணு, வருஷா வருஷம் புதுப்பிச்சு இருக்கணும். கூப்பிடும்போது எழுத்தில் கூப்பிடணும்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை. படியும் பயணக் காசும் காப்பீடும் அந்த உத்தரவிலேயே இருக்கணும். வேலை செஞ்ச மணி நேரம் இன்டர்ன்ஷிப் கணக்கில் சேரணும். காலேஜ் போட்டோ எடுத்துப் போடுறதுக்கு மட்டும் பயன்படக் கூடாது.

உங்க வீட்டிலோ தெருவிலோ பார்மசி படிக்கிற பிள்ளை இருந்தா ஒண்ணு சொல்லி வையுங்க. அடுத்த தடவை எந்த கேம்ப்புக்குப் போனாலும், தடுப்பூசியோ காய்ச்சல் கேம்ப்போ எதுவா இருந்தாலும், தேதி, இடம், செஞ்ச வேலை மூணையும் ஒரு தாளில் எழுதி, அன்னைக்கே அங்கே இருக்கிற மெடிக்கல் ஆபீசர்கிட்ட கையெழுத்தும் சீலும் வாங்கிக்கச் சொல்லுங்க. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நாங்க போட்டுத் தருவோம்.

2021, 22ல் கேம்ப்பில் வேலை செஞ்ச பார்மசி மாணவர்கள் இதைப் படிச்சா, எந்த மாவட்டம், என்ன வேலை கொடுத்தாங்க, சர்டிபிகேட் கைக்கு வந்துச்சான்னு கீழே எழுதுங்க. காலேஜ் பேர் வேண்டாம். எத்தனை பேர் உள்ளே உட்கார்ந்தீங்க, எத்தனை பேர் வெளியே க்யூ பார்த்தீங்கன்னு எனக்குத் தெரியணும்.